கல்லுல அஞ்சாவது வரி

எங்க ஊரு ராணுவக் கல்லைப் பாக்க வர்றவங்க எல்லாரும் மேக்குப் பக்கத்துக்கு வந்ததும் ஒரு நிமிசம் நின்னுருவாங்க. மத்த மூணு பக்கமும் மட்டமா இருக்குது. மேக்குப் பக்கம் மட்டும் ஓரத்துல ரெண்டு விரக்கடை விட்டுட்டு, நடுவுல அரை இஞ்சு உள்ள போயிருக்கும். அந்தப் பள்ளத்துக்குள்ள நாலு பேரு. நாலாவது பேருக்குக் கீழ ஒரு வரிக்கு எடம், ஒண்ணும் எழுதாம வழவழன்னு கெடக்கும்.

ஒரு தடவை தர்மபுரியில இருந்து ரோட்டு வேலைக்கு வந்த இஞ்சினீயர் ஒருத்தரு ஜீப்ப நிறுத்தி எறங்கி, அந்த ஓரத்தை விரலால தடவித் தடவிப் பாத்தாரு. மழைத்தண்ணி எழுத்து மேல வழியாம இருக்கணும்னு யோசிச்சு இப்படிப் பள்ளம் எடுத்திருக்காங்க, எந்த ஊரு ஆளு போட்ட பிளானுன்னு கேட்டாரு. நான் பக்கத்துல வெளக்கமாத்தோட நின்னுட்டு இருந்தேன். தெரியலைங்கன்னு சொல்லிட்டேன். பிளானாவது மண்ணாவது. அது நான் பண்ணுன கூத்து. இருவத்திரெண்டு வயசுல, கொழுப்பெடுத்துப் போயி நான் பண்ணுன காரியம்.

ஆனா அதுக்காக நான் தல குனியறவ இல்ல. அந்தக் கல்லைப் போல ஒரு கல்லு நல்லம்பள்ளியில இருந்து பாப்பாரப்பட்டி வரைக்கும் வேற எங்கயும் கெடையாது. அதுல இருக்கற எழுத்து எங்கையெழுத்து. அதனால மொதல்ல இருந்தே சொல்றேன்.

எங்க ஊரைப் பஸ்சுல கண்டக்டருங்களே பட்டாளத்து ஊருன்னுதான் கூப்புடுவாங்க. தெருவுக்கு ரெண்டு பேராவது மிலிட்டரியில இருப்பாங்க. எங்க தெருவுலயும் சரி, சர்ச் தெருவுலயும் சரி, மானாவாரிக் காட்டை நம்பி எத்தனை பேரு உக்காந்திருக்க முடியும்? மீசை மொளைச்சா ஓட்டப் பந்தயம் ஓடிப் பழகி ஆளெடுக்கற எடத்துக்குப் போயிருவாங்க. நான் வாக்கப்பட்டு வந்தப்ப எனக்கு அது ஒண்ணுதான் பிடிச்சிருந்துது. களியும் அவரைக்கொட்டைக் கொழம்பும் எங்க அம்மா வூட்லயும்தான் இருந்துது. மிலிட்டரிக்காரன் பொண்டாட்டின்னு சொல்லிக்கிட்டு தண்ணிக் கொழாயில முன்னால நிக்கறது இங்க வந்துதான்.

ஊருச் சாவடிச் செவுத்துல ஒரு வெள்ளைக்கல்லுப் பலகை பதிச்சிருந்துது. வெள்ளைக்காரன் காலத்துல வச்சது. இங்கிலீசுல எழுதியிருக்கும். மொதப் பெரிய சண்டைக்கு இந்த ஊருல இருந்து இத்தனை பேரு போனாங்க, அதுல இத்தனை பேரு உசுரு விட்டாங்கன்னு அதுல இருக்குதாம். எண்ணிக்கை இருக்குது, பேரு ஒண்ணுகூட இல்ல. போனவங்க யாருன்னு ஊருல யாருக்கும் தெரியாது. எங்க மாமனாருக்குத் தாத்தா ஒருத்தரு போனாருன்னு சொல்லுவாங்க, வந்தாரா வரலியான்னு கேட்டா ஆளுக்கொரு கதை சொல்லுவாங்க. ஆடு மாட்டை எண்ணற மாதிரி எண்ணிட்டுப் போயிட்டான் மனுசன்.

எங்க தெருக் கோடியில ரிட்டயர் ஆன சுபேதார் ஒருத்தரு இருந்தாரு. மழை பேஞ்சாலும் பேயாட்டியும் கையில கொடை இருக்கும். எண்பத்தஞ்சோ எண்பத்தாறோ, அந்த வருசம் அவருதான் ஆரம்பிச்சாரு. அந்தப் பலகை மாதிரி நாமளும் நம்ம பசங்களை மறந்துட்டா நமக்கும் வெள்ளைக்காரனுக்கும் என்ன வித்தியாசம், பஸ் ஸ்டாப்புல ஒரு கம்பம் நடுவோம், பேரோட நடுவோம்னாரு. ஊரே சரின்னுச்சு. கல்லு எங்க ஊரு மலையிலயே இருக்குது. வேலைக்கு எங்க தெருவும் சர்ச் தெருவும் மொறை வச்சுக்கிட்டாங்க.

கல்லு மேஸ்திரி கிருஷ்ணகிரிப் பக்கத்துல இருந்து வந்தவரு. வூட்ல தெலுங்கு பேசறவங்க. தமிழ் நல்லாப் பேசுவாரு, படிக்கத் தெரியாது. அவரும் அவரு தம்பியும் மலையடியில கொட்டாய் போட்டுக்கிட்டு, ஒரே கல்லா ஒம்பது அடியைப் பொளந்து எடுத்தாங்க. அடியில மூணு படிப் பீடம். அதுக்கு மேல சதுரமா ஆள் ஒசரத்துக்குக் கம்பம், பேரெல்லாம் அதுலதான் வரணும். சதுரத்துக்கு மேல எட்டுப்பட்டை. பீடத்துல முன்னால ஒரு மாடக்குழி, வெளக்கு வைக்கறதுக்கு. சுத்தி நாலு குத்துக்கல்லு, அதுல இரும்புச் சங்கிலி. சாவடியில இருந்த வெள்ளைப் பலகையைப் பேத்து எடுத்துட்டு வந்து பீடத்துல பதிக்கறதுன்னும் பேசிக்கிட்டாங்க. பேரு தெரியாட்டி என்ன, அவங்களும் நம்மாளுங்கதான, கால்மாட்டுலயாவது இருக்கட்டும்னாரு சுபேதார்.

உச்சியில என்ன வைக்கறதுங்கறதுலதான் தகராறு வந்துது. எங்க தெருவுல கலசம் வைக்கணும்னாங்க. சர்ச் தெருவுல சிலுவை வைக்கணும்னாங்க. ரெண்டு கூட்டம் போட்டும் தீரலை. கடைசியில சுபேதாரு கொடையைத் தரையில ஒரு குத்துக் குத்தி, சண்டையில எல்லாந் தலையிலயும் ஒண்ணுதான் இருந்துது, அதையே வைங்கன்னுட்டாரு. அதனால எங்க கல்லுக்கு உச்சியில இரும்புத் தொப்பி. மேஸ்திரி தன் வாழ்நாள்ல அந்தத் தொப்பியைப் பாத்ததில்ல. அவரு செஞ்சு வச்சது களிச்சட்டியைக் கவுத்த மாதிரிதான் இருக்கும். வடக்குப் பக்கத்துல தலகீழாத் துப்பாக்கி ஒண்ணு செதுக்கணும்னு சொன்னதுக்கு, துப்பாக்கிக்கு எங்க போறது? சுபேதாரே கொடையைத் தலகீழாப் புடிச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் அட்டென்சன்ல நின்னாரு. இப்பவும் போயிப் பாருங்க, அந்தத் துப்பாக்கியோட அடிக்கட்டை கொடைக்காம்பு மாதிரி வளைஞ்சிருக்கும். எங்களுக்கு அது அழகாத்தான் இருக்குது.

பேரு வெட்டற வேலை வந்தப்ப, கல்லுல எந்த அளவுல எழுத்து வரணுமோ அதே அளவுல தாளுல எழுதிக் குடுக்கணும்னு மேஸ்திரி கேட்டாரு. எழுத்து ஓரத்துல ஊசியால குத்திக் குத்தி ஓட்டை போட்டு, தாளைக் கல்லுல ஒட்டி, துணியில காவிப்பொடி கட்டித் தட்டுவாரு. காவி ஓட்டை வழியாக் கல்லுல எறங்கும். அந்தப் புள்ளி மேலயே உளி போகும். படிக்கத் தெரியாதவரு ஒரு கொம்பு, ஒரு கால் தப்பாம வெட்டற ரகசியம் அதுதான்.

சுபேதாருக்குக் கை நடுங்கும். வாத்தியார் எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும். ஊருல கையெழுத்துன்னா அப்ப நான்தான். பத்தாவது வரைக்கும் படிச்சவ. சுபேதாரு எங்க வூட்டுக்கு வந்து எங்கத்தைகிட்ட, அதான் எம் மாமியாகிட்ட, கேட்டாரு. எங்கத்தை ஒரு எழுத்துப் படிக்காதவங்க. ஆனா அன்னைக்கு அவங்களுக்கு வந்த பெருமையைப் பாக்கணுமே. எம் மருமவ எழுதுனா அச்சுல போட்ட மாதிரி இருக்கும், கூட ரெண்டு தாளு குடுங்கன்னாங்க.

நாலு பேரு. பர்மாவுல செத்தவரு ஒருத்தரு. சீனாக்காரன் சண்டையில ஒருத்தரு. எழுபத்தொண்ணுல ரெண்டு பேரு, அதுல ஒருத்தரு சர்ச் தெரு அம்மாவோட ஒரே மகன். அந்தம்மா புருசன் இல்லாதவங்க, எங்க காட்டுக்கும் அவங்க காட்டுக்கும் ஒரே வரப்பு. சுபேதாரு ஒவ்வொரு பேராச் சொல்லச் சொல்ல நான் எழுதுனேன். முடிச்சதும் அவரு பாத்துட்டு, மேஸ்திரிகிட்ட சேத்துரும்மான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

தாளுல கீழ ஒரு வரிக்கு எடம் மிச்சம் இருந்துது. அதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்.

எங்கூட்டுக்காரரு அப்ப வடக்க ஐஸ் மலையில இருந்தாரு. கல்யாணமாயி ரெண்டு வருசம், கூட இருந்த நாளைச் சேத்துப் பாத்தா நாலு மாசம் தேறாது. அவரு பேரை நான் ஒரு தடவைகூட வாயால சொன்னதில்ல. எங்க பக்கம் பொண்டாட்டி புருசன் பேரைச் சொல்ல மாட்டா. சொன்னா அவருக்கு ஆயுசு கொறையும்பாங்க. ரேசன் கார்டுக்கு ஆளு வந்து கேட்டாலும் எங்கத்தையைக் கூப்புட்டு விடுவேன். அவங்க இல்லாட்டி அவரோட கறுப்பு டிரங்குப் பெட்டியைக் காட்டுவேன், மூடி மேல வெள்ளைப் பெயிண்டுல பேரு எழுதியிருக்கும். அந்தப் பேரு அவ்வளவு நல்ல பேரு. இங்கயும் எழுத மாட்டேன், கேக்காதீங்க.

சொல்லத்தான கூடாது, எழுதலாமேன்னு தோணுச்சு. செத்தவங்களுக்கு மட்டும்தான் கல்லா, உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு ஐஸ்ல நிக்கறவருக்கு ஒண்ணும் கெடையாதான்னும் தோணுச்சு. பஸ்சுல போறவங்க வர்றவங்க எல்லாரும் அந்தப் பேரைப் படிக்கணும். பெருமை, வேற ஒண்ணுமில்ல. அஞ்சாவது வரியா அவரு பேரை எழுதுனேன். மத்த நாலையும்விட அழகா வந்துது. தாளைச் சுருட்டிக்கிட்டு நானே மலையடிக்குப் போயி மேஸ்திரி கையில குடுத்தேன். அவரு விரிச்சுப் பாத்துட்டு, எழுத்து முத்து முத்தா இருக்குது தாயின்னாரு.

உசுரோட இருக்கறவனுக்குக் கல்லு வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாம இல்ல. எங்க பக்கம் காட்டுக்குக் காடு பழைய வீரக்கல்லு நிக்குது. வில்லும் கையுமா ஒருத்தன், பக்கத்துல மாடு. அதெல்லாம் செத்தவங்க கல்லுன்னு நண்டு சிண்டுக்குக்கூடத் தெரியும். வெளையாட்டுக்குக்கூட அது பக்கத்துல நின்னு உசுரோட இருக்கறவங்க பேரைச் சொல்லாதன்னு எங்கம்மா திட்டியிருக்காங்க. ஆனா நான் பத்தாவது படிச்சவளாச்சே. இதெல்லாம் பழைய காலத்துப் பேச்சுன்னு தள்ளிட்டேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் கல்லு டிராக்டருல வந்து எறங்குச்சு. புளியங்கட்டை மேல, மேக்குப் பக்கம் வானத்தைப் பாக்கற மாதிரி படுக்க வச்சிருந்தாங்க. மேல சாக்கும் வைக்கோலும் மூடியிருந்துது. எழுத்தெல்லாம் கல்லுப்பொடி அடைச்சுக் கெடந்துது. நடறதுக்கு முன்னால மஞ்சத்தண்ணி ஊத்திக் கழுவணும். அந்த வேலையைப் பட்டாளத்துக்குப் புள்ளை குடுத்த ரெண்டு அம்மாங்க செய்யணும்னு சுபேதாரு சொல்லியிருந்தாரு. எங்க தெருவுக்கு எங்கத்தை, சர்ச் தெருவுக்கு அந்தம்மா.

ரெண்டு பேரும் கழுவுனாங்க. சர்ச் தெரு அம்மா எந்த வரி எம் மவன்னு கேட்டாங்க, நாலாவதுன்னு காட்டுனேன். அந்த எழுத்துல இருந்த பொடியை நகத்தால நோண்டி நோண்டி எடுத்தாங்க. எங்கத்தை மேல இருந்து கீழ கையை ஓட்டிக்கிட்டே வந்தாங்க. கீழ வந்து நின்னாங்க. மறுபடியும் மேல போயி ஒவ்வொரு வரியா விரலை வச்சு வச்சு வந்தாங்க.

"ஏம்புள்ள, செத்தது நாலு பேருதான?"

"ஆமாங்கத்தை."

"இதுல அஞ்சு வரி இருக்குதே. அஞ்சாவது யாரு?"

எழுத்துப் படிக்கத் தெரியாதவங்க வரியை எண்ணுவாங்கன்னு நான் நெனைக்கலை. சொல்லணும்னா அவரு பேரைச் சொல்லணும். வாயே தொறக்கலை. சுபேதாரு குனிஞ்சு பாத்தாரு. பாத்துட்டு, சத்தமாப் படிச்சுட்டாரு. படிச்சப்புறம்தான் என்ன படிச்சோம்னு அவருக்கே தெரிஞ்சுது.

எங்கத்தை என்னை அடிச்சிருந்தாக்கூட வாங்கியிருப்பேன். அடிக்கலை. கல்லு மேல இருந்து கையை எடுத்து முந்தானையில தொடைச்சாங்க. தொடைச்சுட்டு அந்தப் புளியங்கட்டை மேலயே உக்காந்தாங்க. கல்லு படுத்துக் கெடக்கற வரைக்கும் வெறுங்கல்லு, நட்டாதான் அது செத்தவங்க கல்லு, யாரு வந்து நடறீங்கன்னு நானும் பாக்கறேன்னாங்க. அதோட பேச்சு முடிஞ்சுது.

சுபேதாரு என்னைத் திட்டுன திட்டு இருக்குதே, பட்டாளத்துல எவனும் வாங்கியிருக்க மாட்டான். நானும் சும்மா இருக்கலை. இதெல்லாம் மூடநம்பிக்கைங்கத்தை, கல்லுக்கு என்ன தெரியும்னு எதுத்துப் பேசுனேன். எங்கத்தை திரும்பிக்கூடப் பாக்கலை. சரி, உன் படிப்பை வச்சு எம் மவங்கிட்ட இருந்து ஒரு லெட்டர வரவைன்னாங்க.

அந்த லெட்டருக்குத்தான் நானும் காத்துக் கெடந்தேன். அவருகிட்ட இருந்து கார்த்திகைக்கு அப்புறம் லெட்டரே இல்ல. மாசம் ரெண்டு இன்லேண்ட் லெட்டர் தவறாம வரும். பனி விழுந்து ரோடு அடைச்சிருக்கும், ஹெலிகாப்டரு எறங்காதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருந்தேன். கல்லு வந்தன்னைக்கு இருந்து அதுவும் உள்ள எறங்கலை. தினம் பத்து மணிக்குப் போஸ்ட் ஆபீசு வாசல்ல நிப்பேன். போஸ்ட்மேன் என்னைக் கண்டாலே சைக்கிளை வேற பக்கம் திருப்புவாரு. எங்கத்தை விடிஞ்சதும் களி உருண்டையைத் தூக்குப்போசியில போட்டுக்கிட்டு கல்லுகிட்ட போயிருவாங்க. பொழுது சாயறப்பதான் வருவாங்க. அந்த வருசம் எங்க வூட்ல பொங்கப்பானை வைக்கலை.

ஜனவரி இருவத்தாறு கல்லு நடறதுன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. சிமிட்டி போட்டு அந்த ஒரு வரியை அடைச்சிரலாம்னு ஒருத்தரு சொன்னாரு. எங்கத்தை, மூடுனா அது பொதைச்ச மாதிரின்னாங்க. வேற கல்லு வெட்ட நாளு பத்தாது. அந்த வரியை மட்டும் கொத்துனா அசிங்கமாத் தழும்பு தெரியும். கடைசியில மேஸ்திரிதான் வழி சொன்னாரு. எழுத்து கால் இஞ்சு ஆழம். ஓரத்தைச் சட்டமா விட்டுட்டு அந்தப் பக்கம் முழுசையும் அரை இஞ்சு உளியால கொத்திப் பொளிஞ்சு எறக்கிட்டா அஞ்சு வரியும் போயிரும், அப்புறம் நாலை மட்டும் புதுசா வெட்டித் தர்றேன்னாரு. அவரு மேல ஒரு தப்பும் இல்ல. ஆனாலும் எங்கையால வெட்டுனது, நானே எடுக்கறேன்னு சொன்ன மனுசன்.

சுபேதாரு ஒத்துக்கலை. செத்தவங்க நாலு பேரு பேரைச் சுத்தியலால அடிச்சு அழிக்கறதா, அவங்களை ரெண்டாந்தடவை கொல்றதான்னு கேட்டாரு. அவரு கேட்டதுல நாயம் இருந்துது. மத்த மூணு குடும்பத்துக்காரங்களும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தாங்க. நாலு பேருல பெத்தவ உசுரோட இருக்கறது சர்ச் தெரு அம்மாவுக்கு மட்டும்தான், அவங்க சொல்றபடி செய்யலாம்னுட்டாங்க.

ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு வெள்ளைச் சீலையோட அந்தம்மா நேரா கல்லுகிட்ட வந்தாங்க. எனக்கு அவங்க மூஞ்சியைப் பாக்கத் துணிச்சல் இல்ல. எம் புருசன் பேரை எடுக்கறதுக்கு உங்க மகன் பேரை அழிச்சுக் குடுங்கன்னு எந்த மூஞ்சியை வச்சுக் கேக்கறது? யாரும் கேக்கவும் இல்ல. அவங்க குனிஞ்சு நாலாவது வரியைத் தடவுனாங்க. அப்புறம் எங்கத்தை பக்கத்துல கட்டை மேல உக்காந்தாங்க.

"எம் மவன் எங்கயும் போவ மாட்டான், ஒரு வாரம் காத்திருப்பான். வர வேண்டியவன் வரட்டும். மொதல்ல அந்தப் பேரை எடுங்க" அப்படின்னாங்க.

எங்கத்தை அத்தனை நாளு அழுகாதவங்க, அந்தம்மா கையைப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க. சுபேதாரு கொடையை விரிச்சு மறைச்சுக்கிட்டு மறுபக்கம் திரும்பிக்கிட்டாரு. எனக்கு அழுகை வரலை. இப்படி ஒரு ஊருல வந்து வாக்கப்பட்டோமேன்னு நெஞ்சு விம்முச்சு, அவ்வளவுதான்.

திங்கக்கெழமை காலையில மேஸ்திரி உளியைத் தீட்டிக்கிட்டு வந்தாரு. ஊரே நின்னுது. உளியை அஞ்சாவது வரி மேல வச்சு சுத்தியலை ஓங்குனாரு. எங்கத்தை இருங்கன்னாங்க. எம் பக்கம் திரும்புனாங்க.

எங்க பக்கம் ஒரு பழக்கம் இருக்குது. கொழந்தை எங்கயாவது விழுந்து பயந்துட்டா, விழுந்த எடத்துக்கே போயி நின்னு அம்மாக்காரி மூணு தடவை பேரைச் சொல்லி வூட்டுக்கு வான்னு கூப்புடுவா. கூப்புடாட்டி பயந்த உசுரு அங்கயே நின்னுக்கும்பாங்க.

"நீதான இங்க எழுதி வச்ச. நீயே கூப்புடு" அப்படின்னாங்க எங்கத்தை.

பேரைச் சொன்னா ஆயுசு கொறையும்னு சொல்லிக் குடுத்தவங்களே சொல்லச் சொல்றாங்க. ஊரு மொத்தமும் என் வாயைப் பாக்குது. எம் மாமன் மொறை, கொழுந்தன் மொறை எல்லாம் நிக்கறாங்க. மொதத் தடவை வெறும் காத்துதான் வந்துது. ரெண்டாந்தடவை எனக்கே கேக்கலை. பனியில அவரு நிக்கறது கண்ணுக்குத் தெரிஞ்சுது. என்னமோ ஒரு வீராப்பு வந்துது பாருங்க, மூணாந்தடவை அந்தப் பேரைச் சொல்லி, வூட்டுக்கு வாங்கன்னு கத்துனேன். மலையில பட்டுத் திரும்பி வந்துது. மேஸ்திரி உளியையும் சுத்தியலையும் என் கையில குடுத்தாரு. மொத அடி நான்தான் அடிச்சேன். மொத எழுத்தோட தலைப்பக்கம் சில்லாப் பேந்து என் கால் மேல விழுந்துது.

அண்ணனும் தம்பியும் ராப்பகல் பாக்காமன்னு சொல்ல மாட்டேன், ஆனா பகல்ல ஒரு பொழுது ஓயலை. பக்கத்துலயே கரி ஒலை மூட்டி, மழுங்குன உளியை அடிச்சு அடிச்சுத் தீட்டுவாங்க. சர்ச் தெருவுல இருந்து ஒரு நாளு சோறு, எங்க தெருவுல இருந்து ஒரு நாளு. அரை இஞ்சும் எறங்குனப்புறம் நான் மறுபடியும் தாளுல எழுதுனேன். சுபேதாரு பக்கத்துலயே உக்காந்திருந்தாரு, எழுதி முடிச்சதும் தாளைக் கையோட புடுங்கிக்கிட்டாரு. எங்கத்தை விரலை வச்சு எண்ணிட்டு, நாலு, எடுத்துட்டுப் போங்கன்னாங்க.

இருவத்தஞ்சாந்தேதி சாயங்காலம் நாலாவது பேரு முடிஞ்சுது. இருவத்தாறு காலையில கல்லு நட்டோம். வடக்கயிறு கட்டி ஒரு பக்கம் எங்க தெரு, மறுபக்கம் சர்ச் தெரு. பொம்பளைங்களும் கயிறு புடிச்சோம். கல்லு மெல்ல மெல்ல நிமுந்து, குழியில எறங்கி, தடக்குன்னு நின்னுச்சு பாருங்க, அந்தச் சத்தம் இன்னும் என் பாதத்துல இருக்குது. களிச்சட்டித் தொப்பியைத் தூக்கி உச்சியில வச்சாங்க. சுபேதாரு மெடலெல்லாம் குத்திக்கிட்டு வந்து நாலு பேரையும் படிச்சாரு. ஒவ்வொரு பேருக்கும் ஊரே நிமுந்து நின்னுது. அப்புறம் மாடக்குழியில எங்கத்தை அகல் வெளக்கை வச்சாங்க, அந்தம்மா மெழுகுவத்தியை வச்சாங்க. குழி சின்னது. ரெண்டும் ஒட்டிக்கிட்டே எரிஞ்சுது.

லெட்டர் மாசிப் பொறப்புல வந்துது. ஆஸ்பத்திரியில இருந்து எழுதியிருந்தாரு. பனி கடிச்சு இடது கால்ல ரெண்டு விரலை எடுத்துட்டாங்க, உசுருக்கு ஒண்ணுமில்ல, நடந்து பழகிட்டு லீவுல வர்றேன்னு இருந்துது. படிச்சுக் காட்டுனேன். கல்லுல அரை இஞ்சு போச்சு, கால்ல ரெண்டு விரலு போச்சு, அதோட தீந்துதுன்னாங்க எங்கத்தை. விரலை எடுத்த நாளுன்னு லெட்டர்ல போட்டிருந்த தேதியைப் பாத்தா, கல்லு டிராக்டருல ஏறறதுக்கு முன்னாடியே விரலு போயிருக்குது. நான் அதைச் சொல்லலை. சொல்லி என்ன ஆகப்போகுது? ஒரு தடவை படிச்சவளா இருந்து பட்டது போதாதா?

பங்குனியில வந்தாரு. மத்தியானம் மூணு மணி பஸ்சு. நானும் எங்கத்தையும் ஸ்டாப்புல நின்னோம். யூனிபாரத்துல எறங்குனாரு, கொஞ்சம் தாங்கித் தாங்கி நடந்தாரு. எங்களைப் பாக்கறதுக்கு முன்னால கல்லைப் பாத்தாரு. பெட்டியைக் கீழ வச்சுட்டு மேக்குப் பக்கம் போயி நின்னு, கால் வலியோட குதிகாலைச் சேத்து ஒரு சல்யூட் வச்சாரு. சர்ச் தெரு அம்மா எங்கிருந்து ஓடி வந்தாங்களோ தெரியலை. வந்து அவரு கன்னத்தை ரெண்டு கையாலயும் வழிச்சு, வந்துட்டியாப்பான்னாங்க. மவனுக்கு வச்ச சல்யூட்டைப் பாத்துட்டேன், போதும்னாங்க.

வூட்டுக்கு வந்து களியில கையை வைக்கறதுக்குள்ள எங்கத்தை ஒண்ணு விடாம ஒப்பிச்சுட்டாங்க. நான் அடுப்பு பக்கத்துல இருந்து தலையைத் தூக்கலை. திட்டப்போறாருன்னு நெனச்சேன். பொறையேறற வரைக்கும் சிரிச்சாரு. செத்தவங்க லிஸ்ட்டுல அழகா எழுதியிருந்தாளாம்மான்னு வேற கேட்டாரு.

பொழுது எறங்கறப்ப கல்லைக் காட்டு வான்னு என்னை மட்டும் கூட்டிட்டுப் போனாரு. வெயிலு சாஞ்சு அந்தப் பள்ளத்துக்குள்ள அடிச்சுது, நாலு பேரும் பளிச்சுன்னு தெரிஞ்சுது. கீழ வழவழன்னு இருந்த அஞ்சாவது எடத்துல கட்டை விரலை வச்சு இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒருக்கா ஓட்டுனாரு. அப்புறம் எம் பக்கம் திரும்புனாரு.

"மலை வரைக்கும் கேட்டுச்சாமே. ஊரே கேட்டுருக்குது, நான் ஒருத்தன்தான் கேக்கலை. இப்ப யாரும் இல்ல. ஒரே ஒருக்கா சொல்லு."

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துது. முந்தானையைச் சொருகிக்கிட்டேன்.

"அதான் வந்துட்டீங்களே. வந்தவரை எதுக்குங்க கூப்புடறது?"